வீட்டுலயே ஒட்டுற பல் வெண்மை ஸ்ட்ரிப்: கல்யாணத்துக்கு முன்னாடி போடலாமா?

திருப்பாப்புலியூர்_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தை மாசம் கல்யாணம். கடலூர்ல இருந்து தினம் பஸ்ல பாண்டிக்குப் போய் நேரு வீதியில ஒரு துணிக்கடையில பில்லிங் பார்க்கிறேன். நாள் முழுக்க ஆளுங்க முகத்தைப் பார்த்துப் பேசுற வேலை. என் பல்லு சின்ன வயசுல இருந்தே மஞ்சள்தான். வெத்தல, பாக்கு எதுவும் கிடையாது. காலையில ஒரு காபி, சாயங்காலம் ஒரு டீ, அவ்வளவுதான். நிச்சயதார்த்த ஆல்பத்துல ஒரு போட்டோவுலகூட நான் பல்லு தெரியச் சிரிக்கல. அதைப் பார்க்கப் பார்க்க மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

ஆன்லைன்ல பல்லுல ஒட்டுற ஸ்ட்ரிப் விக்குது. தினம் அரை மணி நேரம், 14 நாள்னு போட்டிருக்கு. ஒரு பாக்கெட்டுல ஹைட்ரஜன் பெராக்சைடுன்னு இருக்கு, இன்னொண்ணுல பி.ஏ.பி.ன்னு இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? பல்லோட மேல் ஓடு, அதான் எனாமல், கரைஞ்சு போயிடும்னு அம்மா பயப்படுறாங்க. போட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன்.

லாஸ்பேட்டை_ராஜி

நான் போட்டிருக்கேன் தங்கச்சி, பெராக்சைடு வகை. வேலை செய்யுது. ஆனா விளம்பரத்துல காட்டுற மாதிரி பால் வெள்ளை ஆகாது. என் மஞ்சள் ரெண்டு மூணு படி குறைஞ்சுது, அதுவே போதும்னு இருந்துச்சு.

எப்படி ஒட்டுறதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. முதல்ல டிஷ்யூ பேப்பரால பல்லை ஒத்தி எடுத்துக் காய வைக்கணும். ஈரப் பல்லுல நிக்காது, வழுக்கிக்கிட்டே இருக்கும். நீளமான பட்டை மேல் பல்லுக்கு, குட்டையானது கீழ்ப் பல்லுக்கு. ஜெல் இருக்கிற பக்கம் பல்லுல படணும். விளிம்பு ஈறை ஒட்டிப் போகலாம், ஈறு மேல ஏறக் கூடாது. மீதியைப் பல்லுக்குப் பின்னாடி மடிச்சு விட்டுடணும். ஒட்டினதும் எச்சில் ஊறும். விழுங்காம துப்பிடுங்க. அந்த நேரத்துல பேசாம இருக்கிறது நல்லது.

ஈறுல ஜெல் பட்ட இடம் வெளுத்துப் போகும், கொஞ்சம் எரியும். முதல் தடவை பார்த்தா பயமா இருக்கும். சில மணி நேரத்துல பழைய நிறத்துக்கு வந்துடும். வரலைன்னா, புண்ணாயிட்டா, நிறுத்திடணும். ஒட்டுறதுக்கு முன்னாடி அழுத்தித் தேய்ச்சுப் பல் விளக்காதீங்க, ஈறு உரசியிருந்தா எரிச்சல் கூடும்.

எடுத்தப்புறம் கொஞ்ச நேரம் காபி, டீ, மஞ்சள் தூக்கலா போட்ட குழம்பு, பீட்ரூட் எல்லாம் தள்ளி வைங்க. நான் ராத்திரி சாப்பாட்டை முடிச்சுட்டுதான் ஒட்டுவேன். தயிர் சாதமா இருந்தா இன்னும் நிம்மதி.

வில்லியனூர்_செல்வம்

இதுக்கெல்லாம் எதுக்குப் பணம் செலவு? எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு அதுல ஆப்ப சோடாவும் உப்பும் கலந்து ஒரு வாரம் தேய்ங்க. பளிச்சுனு ஆயிடும். எங்க வீட்டுல கரித்தூளும் உண்டு. நம்ம பாட்டிமார் காலத்துல ஸ்ட்ரிப்பா இருந்துச்சு? ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.

பல்மருத்துவர்_ஓய்வு

செல்வம் தம்பி, ஆலங்குச்சி, வேலங்குச்சி பத்தி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மென்று நாராக்கி மெதுவாகத் துலக்கினால் நல்லதுதான். ஆனால் எலுமிச்சம்பழத்தைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். கடலூர் மாவட்டத்தில் பல ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தேன். இந்த வைத்தியம் செய்துகொண்டு பல் கூச்சத்தோடு வந்து நின்ற இளம்பெண்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து போனவள் நான்.

எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு பி.எச். 5.5 அளவில் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு 2 முதல் 3 வரை. இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை. அமிலத்தால் இளகிய எனாமலை உடனே உப்பு வைத்துத் தேய்த்தால் அது உரிந்து வரும். முதல் சில நாள் பளிச்சென்று தெரிவது எனாமலின் மேல்தோல் போனதால். உள்ளே இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள். எனாமல் மெலிய மெலிய அந்த மஞ்சள் வெளியே அதிகமாகத் தெரியும். வெள்ளைக்கு ஆசைப்பட்டு மேலும் மஞ்சளாவதுதான் மிச்சம். போன எனாமல் திரும்ப வளராது. கரித்தூள், சாம்பல், செங்கல் தூள் எல்லாம் உராய்ந்து தேய்க்கிற வேலையைத்தான் செய்கின்றன.

ஸ்ட்ரிப்பில் இருக்கும் பெராக்சைடு வேறு வழியில் போகிறது. அது பல்லைச் சுரண்டுவதில்லை. எனாமலுக்குள் ஊடுருவி டென்டின் வரை போய், நிறம் தரும் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கிறது. மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் காயப் போட்டால் துணி கிழியாமல் கறை மட்டும் வெளுக்கிறதே, அப்படி. ஆகவே உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: சொன்ன அளவில், சொன்ன நாளுக்குப் போட்டால் எனாமல் கரைந்து ஓடாது. அளவு மீறி மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த உறுதியை நான் தர மாட்டேன்.

பி.ஏ.பி. என்பது பெராக்சைடு இல்லாமல் கறையை ஆக்சிஜனேற்றம் செய்யும் வேறொரு பொருள். கூச்சம் குறைவு என்று விற்கிறார்கள். பெராக்சைடைப் பற்றி எத்தனையோ ஆண்டு ஆய்வு இருக்கிறது. 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடை, பல்வரிசையில் மாட்டும் அச்சான ட்ரேயில் வைத்து இரவில் போடும் முறையை ஹேவுட், ஹேமன் என்ற இருவர் 1989இல் வெளியிட்டார்கள். ஸ்ட்ரிப்புகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2001 வாக்கில். பி.ஏ.பி.க்கு அந்த அளவு அனுபவம் இன்னும் சேரவில்லை.

வாங்குவதற்கு முன் எனக்கு மூன்று பதில் வேண்டும் அம்மா. முன் பல்லில் கேப் என்கிற உறை, ஃபில்லிங் ஏதாவது இருக்கிறதா? ஐஸ் தண்ணீர் குடித்தால் கூசுகிறதா? கடைசியாக எப்போது பல் கிளீனிங் செய்தீர்கள்?

திருப்பாப்புலியூர்_பொண்ணு

டாக்டர் அம்மா, நீங்க கேட்டதும் திக்குனு ஆயிடுச்சு. மேல் முன் பல்லு ஒண்ணு கேப். பத்தாவது படிக்கும்போது சைக்கிள்ல இருந்து விழுந்து உடைஞ்சுது, ரூட் கெனால் பண்ணி கேப் போட்டாங்க. கீழ வலது பக்கம் ஐஸ் தண்ணி பட்டா சுரீர்னு இருக்கு. கிளீனிங் இதுவரைக்கும் பண்ணதே இல்ல. பண்ணா பல்லு ஆடும்னு எங்க பெரியம்மா சொல்லிட்டாங்க.

நெய்வேலி_வாசன்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பூர்வீகம் தர்மபுரி பக்கம், இப்ப நெய்வேலியில குடியிருக்கோம். எனக்கும் அண்ணனுக்கும் பல்லுல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளைத் திட்டும், நடுநடுவே பழுப்புக் கோடும் இருக்கு. அங்க ஆழ்துளைக் கிணத்துத் தண்ணியில ஃபுளோரைடு அதிகம். நாங்க வளர்ந்தது அந்தத் தண்ணியில. 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தப்புறம் பொறந்த எங்க அண்ணன் பொண்ணு பல்லு நல்லா இருக்கு. எங்க பல்லுக்கு இந்த ஸ்ட்ரிப் உதவுமா டாக்டர்?

பல்மருத்துவர்_ஓய்வு

முதலில் வாசனுக்கு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அதை மீறிக் குடித்தால் எனாமலே குறையோடு அமைந்துவிடும். உங்கள் திட்டு எனாமலின் அமைப்பிலேயே இருக்கிறது, மேலே படிந்ததல்ல. ஸ்ட்ரிப் போட்டால் சுற்றியுள்ள இடம் வெளுக்கும்போது வெள்ளைத் திட்டும் சேர்ந்து வெளுக்கும். சில நாளைக்குத் திட்டு முன்பைவிடப் பளிச்சென்று தெரியும். வீட்டில் முயல வேண்டாம். எனாமலின் மேல்பரப்பை மிக மெல்லிசாகத் தேய்த்து எடுக்கும் மைக்ரோஅப்ரேஷன், திட்டுக்குள் ரெசின் என்ற பிசினைச் செலுத்துவது என்று மருத்துவமனையில் செய்யும் வழிகள் இருக்கின்றன. கோரிமேட்டில் புதுவை அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெய்வேலியிலிருந்து இரண்டுமே போய்வரக்கூடிய தூரம்.

இப்போது திருப்பாப்புலியூர் மகளுக்கு. உங்கள் விஷயத்தில் ஸ்ட்ரிப்பை இன்றே ஒட்டக் கூடாது. கேப்பின் நிறம் பெராக்சைடுக்கு மாறவே மாறாது. பீங்கானும் ஃபில்லிங்கும் வைத்த நாளில் என்ன நிறமோ அதே நிறம். பக்கத்துப் பற்கள் வெளுத்து, நடுவில் ஒன்று மட்டும் பழைய மஞ்சளில் நிற்கும். கல்யாண மேடையில் விளக்கு வெளிச்சத்தில் அது தனியாகத் தெரியும். இதைப் பாக்கெட்டில் பொடி எழுத்தில் போடுகிறார்கள், யாரும் படிப்பதில்லை.

ஐஸ் தண்ணீருக்குக் கூசும் இடத்தில் சொத்தையோ விரிசலோ ஈறு இறக்கமோ இருக்கலாம். அந்தத் திறப்பு வழியாகப் பெராக்சைடு பல்லின் நரம்புக்கு நேராகப் போனால் வலி தாங்க முடியாது. அதை அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கிளீனிங் செய்தால் பல் ஆடாது அம்மா. காரை என்பது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு. பல வருடக் காரை ஈறுக்கடியில் எலும்பை அரித்துக்கொண்டே இருக்கிறது. பல் அப்போதே பிடிமானம் இழந்திருக்கும், காரைதான் அதைக் கட்டிப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. பழி கிளீனிங்கின் மேல் விழுகிறது. எடுக்காமல் விட்டால் பல்லே போகும். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. உங்கள் மஞ்சளில் எவ்வளவு வெளிக்கறை, எவ்வளவு பல்லின் சொந்த நிறம் என்று கிளீனிங் முடிந்த பிறகுதான் தெரியும். காபி, டீக் கறையும் காரையும் போனதும், ‘இதுவே போதும் டாக்டர்’ என்று எழுந்து போனவர்கள் நிறையப் பேர்.

மஞ்சக்குப்பம்_பாலு

எங்க அப்பா வெத்தல போடுறவர். ஈறு வலிக்குன்னு குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தாங்க, அதை நிறுத்தாம கொப்பளிச்சுக்கிட்டே இருந்தார். பல்லு பழுப்புக் கறுப்பா ஆயிடுச்சு. நாங்க புகையிலைக் கறைன்னு சண்டை போட்டோம், பாவம். டாக்டர் அது மவுத்வாஷால வர்ற கறைன்னு சொல்லி ஒரே உட்காரலுல எடுத்துட்டாங்க. மவுத்வாஷை எழுதிக் கொடுத்த நாளுக்கு மேல நீட்டாதீங்க.

எனக்கும் ஒரு சந்தேகம். நீல விளக்கு வெச்ச செட் ஒண்ணு விக்குதே, அது நிஜமாவே வேகமா வெளுக்க வைக்குமா?

லாஸ்பேட்டை_ராஜி

பாலு அண்ணா, என் அனுபவத்துல விளக்கு இல்லாமலே அதே அளவுதான் வெளுத்துச்சு. டாக்டர் அம்மா சொன்னா கேட்டுக்கலாம்.

பல்மருத்துவர்_ஓய்வு

வேலை செய்வது ஜெல்தான். விளக்கு கூடுதலாக எதையும் பெரிதாகச் சாதிப்பதில்லை. அந்தக் காசை கிளீனிங்குக்குக் கொடுக்கலாம்.

முத்தியால்பேட்டை_மதி

எங்க அக்கா பிரான்சுல இருக்காங்க. அங்க கடையில கேட்டா நம்ம ஊரு இணையத்துல கிடைக்கிற அளவு சக்தி உள்ளது கிடைக்கலையாம். விசாரிச்சப்போ, ஐரோப்பிய ஒன்றியத்துல 0.1 சதவீதத்துக்கு மேல பெராக்சைடு உள்ளதைக் கடையில நேரா விக்கக் கூடாது, 6 சதவீதம் வரைக்கும் பல் டாக்டர் மூலமாத்தான், 18 வயசுக்குக் கீழ கிடையாதுன்னு 2012ல இருந்து சட்டமாம். நம்ம ஊருல ஒரு கிளிக்குல வீட்டுக்கு வந்துடுது. அதனாலதான் நானும் யோசிக்கிறேன். இங்க எத்தனை சதவீதம்னே போடாத பாக்கெட் எல்லாம் பார்த்தேன்.

பல்மருத்துவர்_ஓய்வு

மதி சொன்னது மிக முக்கியம். பாக்கெட்டில் என்ன பொருள், எத்தனை சதவீதம், காலாவதி தேதி என்ன என்று எழுதாததை வாங்கவே வேண்டாம். கார்பமைடு பெராக்சைடு என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அதில் 10 சதவீதம் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு கணக்கில் ஏறக்குறைய 3.5 சதவீதம்தான்.

பெராக்சைடு சூட்டில் சக்தி இழக்கும். நம் கடற்கரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த பாக்கெட்டால் பிரயோசனம் இல்லை. நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

பண்ருட்டி_அப்பா

என் பொண்ணுக்கு 15 வயசு. பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்றாங்கன்னு அழுவுறா. அவளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா அம்மா?

பல்மருத்துவர்_ஓய்வு

வேண்டாம் ஐயா. அந்த வயதில் பல்லின் நரம்பு அறை பெரிதாக இருக்கும், கூச்சம் அதிகமாகும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்கூடத் தள்ளிப்போட வேண்டும். குழந்தையை ஒரு தடவை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பால் பல் விழுந்து முளைக்கும் நிரந்தரப் பல் பால் பல்லைவிட மஞ்சளாகத்தான் இருக்கும், கோரைப்பல் முன் பல்லைவிட இன்னும் மஞ்சள். பல பெற்றோர் அதைக் குறை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறியிருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அடிபட்டு நரம்பு செத்திருக்கலாம், அதற்கு ஸ்ட்ரிப் மருந்தே அல்ல. அவளைக் கிண்டல் செய்கிற பிள்ளைகளைப் பற்றி வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.

திருப்பாப்புலியூர்_பொண்ணு

போய்ட்டு வந்துட்டேன்! பெரியம்மாவையும் இழுத்துக்கிட்டுப் போனேன். கிளீனிங் பண்ணாங்க, பல்லு எதுவும் ஆடல. கீழ் முன் பல்லுக்குப் பின்னாடி இவ்வளவு காரை இருந்துச்சான்னு எனக்கே ஆச்சரியம். கூசுன பல்லுல சின்ன சொத்தை, அடைச்சுட்டாங்க. மஞ்சள் பாதி குறைஞ்ச மாதிரி இருக்கு, மீதி பல்லோட சொந்த நிறம்னு சொன்னாங்க. கேப் போட்ட பல்லைக் கண்ணாடியில பார்த்தா இப்பவே பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது. மாத்தணும்னா மாத்தலாம்னு சொன்னாங்க.

இப்ப ஐப்பசி. தை வரைக்கும் நேரம் இருக்கு. எதை முதல்ல பண்றது? கேப்பை மாத்திட்டு ஸ்ட்ரிப்பா, ஸ்ட்ரிப் போட்டுட்டு கேப்பா?

வில்லியனூர்_செல்வம்

தங்கச்சி, எலுமிச்சம்பழம் பத்தி டாக்டர் அம்மா சொன்னதைப் படிச்சேன். வீட்டுலயும் சொல்லிட்டேன். பாட்டி மட்டும் நல்லெண்ணெய் கொப்பளிக்கிறதை விடல. அதுவும் கெடுதலா டாக்டர்?

பல்மருத்துவர்_ஓய்வு

பாட்டி தாராளமாகக் கொப்பளிக்கட்டும், விழுங்காமல் துப்பினால் போதும். நிறத்தை அது மாற்றாது. அதன் பிறகு பல் விளக்குவதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

மகளே, ஸ்ட்ரிப் முதலில், கேப் கடைசியில். கேப்பின் நிறத்தைப் பக்கத்துப் பல்லைப் பார்த்துத்தான் தேர்வு செய்வார்கள். கேப்பை முதலில் போட்டுவிட்டால் பிறகு வெளுக்கும் பல்லோடு அது ஒருநாளும் சேராது.

இப்போதிருந்தே 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்ச பேஸ்ட்டால் இரண்டு வாரம் பல் விளக்குங்கள். அடைத்த பல்லும் அதற்குள் அமைதியாகிவிடும். கார்த்திகையில் ஸ்ட்ரிப்பைத் தொடங்குங்கள். தினமும் போட முடியாமல் சுரீர் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம், முடிவு தாமதமாகும், கெட்டுப்போகாது. வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தால் அத்துடன் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 30 நிமிடம் என்றால் 30 நிமிடம். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று ஒட்டிக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். பல் கோணலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பட்டை மடிப்புக்குள் போகாது, அந்த இடம் மஞ்சளாகவே நிற்கும். அப்படியானால் மருத்துவர் உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்து தரும் ட்ரே நல்லது.

முடித்த அன்று கண்ணாடியில் தெரியும் வெள்ளையை நம்பிக் கேப்புக்கு நிறம் சொல்லிவிடாதீர்கள். பல் அப்போது காய்ந்திருப்பதால் கூடுதலாக வெளுப்பாகத் தெரியும். இரண்டு வாரம் போனால்தான் உண்மையான நிறத்தில் நிற்கும். ஏதாவது ஒட்டும் ஃபில்லிங் வைக்க வேண்டியிருந்தாலும் அந்த இரண்டு வாரம் வேண்டும். பெராக்சைடு விட்டுச்சென்ற ஆக்சிஜன் பல்லுக்குள் இருக்கும்போது பசை சரியாகப் பிடிக்காது. ஆகவே மார்கழி நடுவில் நிறம் பார்த்து அளவு கொடுத்தால், லேபிலிருந்து கேப் வந்து பொருத்தி, கடித்துப் பார்த்து, உயரம் சரிசெய்ய ஒரு தடவை போய்வரப் பொங்கலுக்கு முன் நாள் இருக்கிறது. நிறம் பார்க்கப் போகும்போது லிப்ஸ்டிக் போடாமல், பகல் வெளிச்சத்தில் போங்கள். உங்கள் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லி ராஜியைக்கூட அழைத்துக்கொண்டு போகலாம்.

லாஸ்பேட்டை_ராஜி

வர்றேன் தங்கச்சி. நேரு வீதிதானே, கடை மதியம் சாப்பாட்டுக்கு விடுற நேரத்துல சொல்லு, நடந்தே போயிடலாம்.